கேட்காமல் விட்டவர்களின் செருப்புகள்

டாக்டர் ஞானசுந்தரி தன் போனுக்கு வரும் செய்திகளுக்குக் கட்டணம் வைத்த மறுநாள் காலையில், ஆஸ்பத்திரியைத் திறக்க வந்த நர்ஸ் ஜெஸிந்தா வாசல் நிறையச் செருப்புகள் கிடப்பதையும் ஆள் ஒருத்தர்கூட இல்லாததையும் பார்த்து, எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பெருக்கித் துடைத்து டோக்கன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்துத் திரும்ப எட்டிப் பார்த்தபோதும் செருப்புகள் மட்டும்தான் இருந்தன. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு, கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த குதிகால் செருப்பு என்று எல்லாம் ஜோடி ஜோடியாக, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்களைப்போல, முன்பக்கம் கதவைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. நாய் இழுத்து வந்து போட்டிருக்கும் என்று ஜெஸிந்தா சொன்னாள். ஜோடி பிரிக்காமல் இழுத்து வந்து வரிசையாக வைக்கிற நாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று டாக்டர் கேட்டாள்.

ஆவரைவிளை பீடி சுற்றும் ஊர். அங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கழற்றச் சொல்லி யாரும் பலகை வைத்ததில்லை, கழற்றாமல் யாரும் நுழைந்ததும் இல்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் ஒரு டாக்டரின் கைராசியை ஊர் எடை போடும். பக்கத்து டவுனில் ஏசி போட்டு, மீன் தொட்டி வைத்து ஒருவர் ஆஸ்பத்திரி திறந்தபோது, "வாசல்ல ஒரு செருப்பக் காணல, அங்கிட்டு எவன் போவான்" என்று ஒரே வார்த்தையில் அவரை ஊர் முடித்துவிட்டது. ஞானசுந்தரியின் வாசலில் அந்தக் குறை ஒருநாளும் இருந்ததில்லை.

கட்டணம் வைத்ததற்காக அவளைப் பேராசைக்காரி என்று சொன்னவர்கள் அவள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். வலது கை சோற்றைப் பிசைய, இடது கை போனைப் பிசையும். நாக்கின் படம் வரும், சிரங்கின் படம் வரும், பிள்ளை போன மலத்தின் படம் சாப்பாட்டு நேரம் பார்த்து வரும், விடிந்தும் விடியாமலும் ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே "டாக்டரம்மா, நேத்துல இருந்து காது அடைச்சிருக்கு" வரும். "நான் பேசணும்னாலும் அந்த நம்பருக்குத்தான் அனுப்பணுமா?" என்று அவள் கணவர் பரமசிவம் ஒருநாள் கேட்டார், அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த செய்தியைப் படித்தாள். பிறகொரு நாள், ஒரு தாத்தாவுக்கு எழுத வேண்டிய மாத்திரை அளவைத் தூக்கக் கலக்கத்தில் ஒரு கைப்பிள்ளையின் அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் சந்தேகப்பட்டு போன் பண்ணியதால் அந்தப் பிள்ளை பிழைத்தது. 

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள்தான் வழி சொன்னாள். இனி யார் செய்தி அனுப்பினாலும் முதலில் ஐம்பது ரூபாய் கேட்கும், கட்டினால்தான் செய்தி அம்மாவின் போனுக்குப் போகும். "காசுக்காக இல்லம்மா, உண்மையிலேயே அவசரம் உள்ளவங்க மட்டும்தான் அனுப்புவாங்க" என்றாள். டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "உன்னை ரொம்பப் பிடுங்குறது யாரு?" என்று மகள் கேட்டதும், யோசிக்கவே இல்லாமல், "பிரம்மசக்தி" என்று சொல்லிவிட்டாள்.

பிரம்மசக்தி பீடித் தெருக்காரி, லோடு ஆட்டோ ஓட்டும் சுடலைமணியின் மனைவி. தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு மறுபடியும் வயிற்றில் ஒன்று தரித்திருந்தது. இந்த முறை அதை விடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சாமியைப் பிடித்தாள், இன்னொரு கையில் டாக்டரின் நம்பரைப் பிடித்தாள். எனக்கு விக்கல் எடுக்கிறதே, பிள்ளைக்கும் எடுக்குமா. பக்கத்து வீட்டில் கறி தாளிக்கிற வாசம் மூக்கில் ஏறிவிட்டது, விரதம் கெட்டதா, பிள்ளைக்கு ஏதும் செய்யுமா. இன்றைக்குப் பிள்ளை இடது பக்கமாகவே உதைக்கிறது, வலது காலில் கோளாறா. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்றும் செய்யாது, நிம்மதியாக இரு" என்று எழுதுவாள். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் பிரம்மசக்திக்குச் சோறு இறங்கும்.

செருப்புகளின் சங்கதி வெளிப்பட்டது தையல்காரர் மைதீன் பிச்சையால்தான். தன் தோல் செருப்பைத் தேடி வெறுங்காலோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் அதைக் கண்டதும் அவர் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. "நான் இங்க வரவே இல்ல, எனக்கு ஒரு சீக்கும் கிடையாது, ஒரு கேள்வியும் கிடையாது, எவன் என் செருப்பத் தூக்கிட்டு வந்தான்?" என்றார். டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, "சரி அண்ணாச்சி, என்கிட்ட என்னத்தக் கேக்காம விட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். மைதீன் பிச்சை தோளில் கிடந்த இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார், பிறகு பொலபொலவென்று அழுதுவிட்டார். ஒன்றுக்குப் போகும்போது இரத்தம் வந்துகொண்டிருந்ததாம். செய்தியை எழுதி, காசு கேட்டதும், இதற்குப் போய் எதற்கு என்று அழித்துவிட்டாராம். அழித்த இரவில் செருப்பு கிளம்பி வந்துவிட்டது.

ஆவரைவிளை இதற்காக ரொம்ப ஆச்சரியப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. மனுசன் வெட்கப்பட்டால் செருப்பாவது போய்ச் சொல்லட்டும் என்று இரண்டொரு நாளில் பழகிக்கொண்டது. காலையில் செருப்பைக் காணாதவர்கள் தேடி அலையாமல், பல் தேய்த்துக் காப்பி குடித்துவிட்டு, வெறுங்காலோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, மாட்டிக்கொண்டு, அப்படியே உள்ளே போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வடைக்கடை முளைத்தது. மாமியாருக்குத் தெரியாமல் மறைத்த வெள்ளைப்படுதல் வாசலுக்கு வந்தது, மனைவிக்குத் தெரியாமல் மறைத்த சர்க்கரை வாசலுக்கு வந்தது, நிச்சயதார்த்தம் முடிந்த ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு வந்து நின்றதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று கேட்காமலே நிச்சயத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணுக்கு முகத்தில் பரு, அவ்வளவுதான். மானத்துக்கு அஞ்சிய ஒரு வாத்தியார் தன் செருப்பைக் கயிற்றால் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டுப் படுக்க, விடியும்போது கட்டிலோடும் வாத்தியாரோடும் அது முச்சந்தி வரை வந்திருந்தது. பணம் மிச்சம் பண்ணலாம் என்று செருப்பைக் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்தச் செருப்புகள் கொஞ்ச நேரத்தில் தாமாகவே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டன.

டாக்டருக்கு முதலில் உறுத்தலாக இருந்தது, பிறகு வசதியாகிவிட்டது. காசு உள்ளவர்கள் செய்தி அனுப்பினார்கள், இல்லாதவர்களுக்குச் செருப்பு வந்தது. விடிந்ததும் ஜெஸிந்தாவோடு வாசலில் நின்று, இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டு, வராதவர்களுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போன் தூங்கியது, அவளும் தூங்கினாள், பரமசிவத்தோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். வாசலில் செருப்பு இல்லாதவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று தினமும் நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு தப்பும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை; அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு காலையிலும் அவள் கண் தேடியது பிரம்மசக்தியின் நீல ரப்பர் செருப்பைத்தான். அது வரவே இல்லை. "பிரம்மசக்தியக் காணலையே டாக்டர்" என்று ஜெஸிந்தாகூட ஒருநாள் சொன்னாள். செய்தியும் இல்லை, செருப்பும் இல்லை. "கேக்க ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானே. இப்பதான் மனசு தைரியப்பட்டிருக்கு" என்று டாக்டர் சொன்னாள். மாதச் சோதனைக்கு வந்தபோது அவளை நன்றாகத்தான் பார்த்தாள். எடை சரி, பிரஷர் சரி, பிள்ளையின் துடிப்பு சரி. பிரம்மசக்தி வழக்கமாகப் பேசுகிற பேச்சில் கால்வாசிகூடப் பேசாமல் போனதைக் கவனித்து, பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

டாக்டருக்குத் தெரியாத ஒன்று பீடித் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. முந்தின பிள்ளைகள் கலைந்த மாதத்தை இந்தப் பிள்ளை தாண்டிய அன்றைக்கு, பிரம்மசக்தி அம்மன் கோயிலில் போய் நின்று, பிள்ளையைக் கையில் வாங்குகிற வரைக்கும் காலில் செருப்புப் போட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, நீலச் செருப்பைக் கோயிலுக்குப் பின்னால் ஓடையில் விட்டுவிட்டாள். அது மிதந்து எங்கேயோ போய்விட்டது. சோதனைக்கு அவள் வெறுங்காலோடுதான் வந்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் வருகிற எல்லோருமே வெறுங்கால்தான், அதில் எவள் வாசலில் கழற்றி வந்தவள், எவள் வீட்டிலிருந்தே கழற்றி வந்தவள் என்று யாருக்குத் தெரியும்?

அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது தெருப் பெண்கள் தாராளமாகச் சமாதானம் சொன்னார்கள். "வெயில்ல வெறுங்கால்ல நடந்தா வீங்காம என்ன செய்யும்? ஆத்தா உன்னைச் சோதிக்கா" என்றார்கள். முகமும் கொஞ்சம் உப்பியது. பிள்ளைத்தாய்ச்சி களை என்றார்கள். ஒரு வியாழக்கிழமை தலைவலி வந்தது. வெள்ளிக்கிழமை சுற்றிய பீடியின் நுனி இரண்டாகத் தெரிந்தது. அவள் போனை எடுத்தாள், எழுதினாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அழித்துவிட்டாள். அன்றைய இரவில் ஊரில் எத்தனையோ செருப்புகள் எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தன. அவளுடைய கேள்விக்குக் கால் இல்லை, அது வீட்டிலேயே இருந்தது. சனிக்கிழமை காலை டாக்டர் வாசலில் நின்று நீலச் செருப்பைத் தேடி, காணாமல், திருப்தியாக உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் சுடலைமணி ஆட்டோவின் ஆரனை அமுக்கிய கை எடுக்காமல் வந்து நிறுத்தினான். பின்னால், சாக்கு விரித்த இரும்புப் பலகையில், பிரம்மசக்திக்கு வலிப்பு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஊசி போட்டாள், பிரஷர் பார்த்தாள், பார்த்ததை மறுபடி பார்த்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்தாள். எல்லாம் சரியாக, வேகமாக, செய்ய வேண்டியபடி செய்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் அந்தக் கால்கள் அவள் கண்ணில் பட்டன. பூசணி மாதிரி வீங்கி, வெடிப்புக்குள் செம்மண் ஏறிக் கறுத்த கால்கள்.

"இவ செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

சுடலைமணிக்குப் புரியவில்லை. உயிர் போகிற நேரத்தில் இந்த அம்மா என்ன கேட்கிறாள் என்று பார்த்தான். "செருப்பா? அவ செருப்புப் போட்டு எத்தன நாளாச்சு டாக்டரம்மா. பிள்ளைக்காக நேந்துக்கிட்டால்லா" என்றான்.

தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளை, பெண் பிள்ளை, அழாமலே பிறந்தது.

டாக்டர் மறுநாளே கட்டணத்தை எடுத்துவிட்டாள். மகள் போனில் என்னென்னவோ சொன்னாள். உன் தப்பு இல்லை, நீ ஓய்வில்லாமல் இருந்திருந்தால் வேறு எந்தப் பிள்ளை போயிருக்குமோ என்றாள். அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்தது அவளுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. பழையபடி நாக்குகளும் சிரங்குகளும் ரோஜாப்பூக்களும் போனுக்கு வந்து சேர்ந்தன, வாசலுக்குச் செருப்பு வருவது நின்றது, வடைக்கடைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஊருக்குக்கூட அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகொரு நாள் காலையில் டாக்டரின் செருப்பைக் காணவில்லை.

அது பீடித் தெருவில், பிரம்மசக்தியின் வீட்டு வாசலில், முன்பக்கம் கதவைப் பார்த்தபடி நின்றது. ஜெஸிந்தா நான் போய் எடுத்து வருகிறேன் என்றாள். டாக்டர் வேண்டாமென்று தானே நடந்தாள். ஊர் அறிந்த நாளிலிருந்து காரை விட்டு இறங்காத டாக்டரம்மா வெறுங்காலோடு முச்சந்தி தாண்டி, மசூதி தாண்டி, ரேஷன் கடை தாண்டி வருவதைப் பார்த்து, வாசல்களில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் நீட்டிய காலை மடக்கி வழி விட்டார்களே தவிர, யாரும் வணக்கம் சொல்லவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த முதல் நாளில், அவள் போய்ச் சேர்வதற்குள் சுடலைமணி அந்தச் செருப்பைக் காலால் தெருவுக்குத் தள்ளியிருந்தான். அவள் குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள். மறுநாள் அது அங்கேதான் நின்றது, அதற்கு மறுநாளும் அங்கேதான். புதுச் செருப்பு வாங்கினாள், அதுவும் போனது. பரமசிவம் ஒருநாள், "கூட வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், அது நான் நடக்க வேண்டிய நடை" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊர் அதையும் பழகிக்கொண்டது; பள்ளிக்கூட வேனும் பால்காரரும் டாக்டரம்மா தெருவைக் கடக்கும்வரை நின்று போனார்கள்.

சாய்வாக மழை பெய்த ஒரு காலையில் அவள் போனபோது செருப்பு வாசலில் இல்லை. வாசல்படிக்கு உள்ளே, நனையாத இடத்தில், ஒரு சாக்கின்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சுவரோரம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். சேலை அவள்மேல் தளர்ந்து கிடந்தது.

"உள்ள வாங்க" என்றாள். "தெனம் வருது, என்னத்தையோ கேக்கத்தான் வருது. ஊருக்கே தெரியுது. கேட்டுட்டுப் போங்க."

டாக்டர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எத்தனையோ நாள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அந்த ஐம்பது ரூபாய் உன்கிட்ட இல்லன்னா, ஜெஸிந்தாகிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"ரூபா இருந்துச்சு டாக்டரம்மா. வீட்ல அவுக அனுப்பு அனுப்புன்னுதான் சொன்னாக." பிரம்மசக்தி இலையை நறுக்கிக்கொண்டே பேசினாள். "இந்த ஊர்லயே உங்களப் பிடுங்கித் தின்னவ நான்தான். என்னாலதான் காசு வச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? காசக் கட்டிட்டு ஒண்ணுமில்லாததக் கேட்டா, இந்தப் பிள்ள இன்னமும் திருந்தலையேன்னு நெனப்பீக. நல்லபடியாப் பெத்து, கையில தூக்கிட்டு வந்து காட்டணும்னு இருந்தேன். பாருங்க, உங்களத் தொந்தரவே பண்ணலன்னு சொல்லணும்னு இருந்தேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய பொய்களை முகம் மாறாமல் சொன்னவள்தான். அவளால் முடியவில்லை. "ஆமா, உன்ன நெனச்சுத்தான் வச்சேன்" என்றாள்.  பிரம்மசக்தி தலையை ஆட்டினாள். மழை ஓட்டில் விழும் சத்தம் வீடு முழுவதும் கேட்டது.

"அன்னைக்கு என்ன எழுதி அழிச்ச?" என்று டாக்டர் கேட்டாள்.

பிரம்மசக்தியின் கத்தரி நின்றது. "தலைவலி தாங்க முடியல டாக்டரம்மா, மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதுல்லான்னு எழுதினேன்."

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழிந்துபோன அந்தச் செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து வலிக்கு?"

பிரம்மசக்தி அவளையே பார்த்தாள். "வியாழக்கிழமைல இருந்து" என்றாள்.

"கண்ணு மங்குதா?"

"ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"கால் வீங்கியிருக்கா?"

"ரொம்ப வீங்கியிருக்கு டாக்டரம்மா. நடந்ததுனாலன்னு சொல்லுதாக."

"நடந்ததுனால இல்ல. மாத்திரை ஒண்ணும் போடாத. சுடலைமணிய ஆட்டோவ எடுக்கச் சொல்லு. விடியட்டும்னு இருக்காத, இப்பவே கிளம்பு, அப்படியே கிளம்பு. நான் வாசல்ல வந்து நிக்கேன்."

பிரம்மசக்தி மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கிக் கீழே வைத்தாள்.

"வாறேன் டாக்டரம்மா" என்றாள்.